கிளிக்கு நிறம் தீட்டினால் கணக்கு வருமா?

மூன்றாம் வகுப்புக் குழந்தையின் முன்னால் ஒரு தாள் இருக்கிறது. மேல்பாதியில் பத்து வாக்கியக் கணக்குகள்: மாங்காய் வாங்கியவர், பென்சில் பங்கிட்டவர், பேருந்தில் ஏறி இறங்கியவர் என்று பத்துச் சின்னக் கதைகள். கீழ்ப்பாதியில் ஒரு கிளியின் கோட்டுப்படம். அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு கணக்கின் எண்ணை எழுதியிருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு சின்னப் பட்டியல்: விடை 18 வந்தால் பச்சை, 42 வந்தால் சிவப்பு, 7 வந்தால் மஞ்சள். பத்தையும் சரியாகப் போட்டு முடித்தால் கிளி முழு நிறத்தோடு எழும்.

உலகெங்கும் தொடக்கப்பள்ளிகளில் இந்த வகைத் தாள் புழங்குகிறது. ஆசிரியர்கள் பலர் இதை விரும்புகிறார்கள். வகுப்பு அமைதியாகிறது, கணக்கென்றால் முகம் சுளிக்கும் குழந்தையும் கிரேயான் டப்பாவைத் திறக்கிறது. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்த அரைமணி நேரம் குழந்தையின் மனம் எங்கே இருந்தது? மாங்காய்க் கணக்கிலா, கிளியின் சிறகிலா?

கேள்விக்கு வயது அதிகம்

கணக்கைக் கதையில் பொதிந்து கொடுப்பது மிகப் பழைய வழக்கம். கி.மு. 1550 அளவில் எகிப்தில் ஆமெஸ் என்ற எழுத்தர் படியெடுத்த பாப்பிரஸ் சுருளில் வீடு, பூனை, எலி, தானியம் என்று ஏழேழாகப் பெருகும் கணக்கு ஒன்று இருக்கிறது. இரண்டாம் பாஸ்கரர் 1150-ல் எழுதிய லீலாவதியில் தேனீக்களும் தாமரைகளும் கணக்குக்குள் வருகின்றன. தமிழில் காரிநாயனாரின் கணக்கதிகாரம் கணக்கைச் செய்யுளாகவே சொன்னது. கதையும் ஓசையும் கற்பவரைக் கணக்குக்குள் இழுக்கும் என்ற நம்பிக்கை இவற்றில் எல்லாம் தெரிகிறது.

நிறம் பின்னால் வந்தது. 1847-ல் லண்டனில் ஆலிவர் பைர்ன் யூக்ளிடின் முதல் ஆறு நூல்களைச் சிவப்பு, மஞ்சள், நீலத்தில் அச்சிட்டார். கோணத்துக்கும் கோட்டுக்கும் எழுத்துப் பெயர் வைப்பதற்குப் பதில் நிறத்தையே பெயராக்கினார். பெல்ஜியத்தின் துவ்யேன் ஊர் ஆசிரியர் ஜார்ஜ் க்யூசினேர், ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு நிறம் கொண்ட குச்சிகளைச் செய்து 1952-ல் அவற்றைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இருவருக்கும் நிறம் ஓர் அலங்காரம் அல்ல. சிவப்பு என்றால் இந்தக் கோணம், இந்த நீளம் என்று அது ஒன்றைச் சுட்டியது.

இதே காலத்தில் எதிர்க்குரல்களும் எழுந்தன. ஜான் டூயி 1913-ல் எழுதிய நூலில், ஆர்வம் பாடத்துக்கு உள்ளிருந்து வரவேண்டும் என்றும், கசப்பு மருந்தின் மேல் சர்க்கரை பூசுவதுபோல வெளியிலிருந்து ஒட்டினால் கவனம் இரண்டாகப் பிளக்கும் என்றும் வாதிட்டார். கலைக் கல்வியாளர் விக்டர் லோவென்ஃபெல்ட் 1947-ல் வேறு பக்கத்திலிருந்து தாக்கினார்: பிறர் போட்ட கோட்டுக்குள் நிறம் நிரப்பும் புத்தகங்கள் குழந்தையின் சொந்தப் படைப்புத் திறனைக் கெடுக்கின்றன என்றார். அப்படியிருந்தும் 1950-களின் தொடக்கத்தில், எண் பார்த்து நிறம் தீட்டும் படப் பெட்டிகள் அமெரிக்க வீடுகளில் பெரும் மோகமாகப் பரவின. எண்ணின் இடத்தில் விடையை வைத்தால் இன்றைய வகுப்பறைத் தாள் கிடைத்துவிடும்.

குழந்தை சறுக்கும் இடம்

வண்ணத்தாள் உதவுமா என்று கேட்குமுன், வாக்கியக் கணக்கில் குழந்தை எங்கே விழுகிறது என்று தெரிந்தாக வேண்டும். இதைப் பற்றி ஆய்வுலகம் நிறையவே கண்டிருக்கிறது.

பிரான்சின் கிரெனோபிளில் கணிதக் கல்வி ஆய்வு நிறுவனம் ஒன்று, கப்பலில் 26 செம்மறியும் 10 வெள்ளாடும் இருந்தால் கேப்டனுக்கு என்ன வயது என்று தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் 97 பேரிடம் கேட்டது. 76 பேர் ஒரு விடை கொடுத்துவிட்டார்கள். ஸ்டெல்லா பரூக் 1985-ல் எழுதிய நூலால் இந்தச் செய்தி ஐரோப்பா முழுக்கப் பரவியது. இந்தக் குழந்தைகளுக்குக் கூட்டத் தெரியும். கதையைக் கதையாகப் படிக்கத்தான் பள்ளி அவர்களைப் பழக்கவில்லை.

அமெரிக்கத் தேசிய மதிப்பீட்டில் 13 வயது மாணவர்களுக்கு வந்த பேருந்துக் கணக்கும் இதே பாடத்தைச் சொல்கிறது. ஒரு ராணுவப் பேருந்தில் 36 பேர் போகலாம். 1,128 வீரர்களை ஏற்றிச் செல்ல எத்தனை பேருந்து வேண்டும்? வகுத்தலைச் சரியாகச் செய்தவர்கள் சுமார் 70 விழுக்காடு. 32 பேருந்து என்று சொன்னவர்களோ 23 விழுக்காடுதான். 29 விழுக்காட்டினர் 31 பேருந்து, மீதி 12 என்று எழுதினார்கள். வகுத்தல் தவறவில்லை. கணக்கை முடித்தபின் கதைக்குள் திரும்பி வந்து பார்க்கவில்லை, அவ்வளவே.

இன்னொரு சறுக்கலைத் தமிழிலேயே காட்டலாம். ‘ரவியிடம் 24 மாங்காய் இருக்கிறது. அது கமலாவிடம் இருப்பதைவிட 6 அதிகம். கமலாவிடம் எத்தனை?’ அதிகம் என்ற சொல் கண்ணில் பட்டதும் குழந்தையின் கை கூட்டலுக்குப் போகிறது; 30 என்று எழுதுகிறது. சரியான விடை 18. கேள்வியின் சொல்லும் செய்ய வேண்டிய செயலும் எதிரெதிராக நிற்கும் இத்தகைய கணக்குகளில் கல்லூரி மாணவர்களே கூடுதலாகத் தவறுகிறார்கள் என்று லூயிஸும் மேயரும் 1987-ல் காட்டினார்கள். மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி என்று குறிச்சொல் சொல்லித் தரும் வழக்கத்தின் பலவீனம் இங்கே அம்பலமாகிறது.

ஹட்சன் 1983-ல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கட்டுரையின் கேள்விக்கு இன்னும் நெருங்கியது. ஐந்து பறவை, நான்கு புழு கொண்ட படம் போன்றவற்றைக் காட்டி, புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம் என்று கேட்டபோது முதல் வகுப்பினரில் 64 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். அதே படத்தைக் காட்டி, ஆளுக்கொரு புழு எடுத்தால் எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது என்று கேட்டதும் எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். முதல் வகுப்புக்கு முந்தைய மழலையரிடம் 25 விழுக்காடு 96 ஆக உயர்ந்தது. படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. கேள்வியின் சொற்கள்தான் மாறின. கணக்கின் அருகில் ஒரு படம் இருப்பதே போதும் என்று எண்ணுபவர்களை நிதானிக்கச் செய்யும் முடிவு இது.

ஆர்வத்தின் பக்கம் நிற்பவர்கள்

வண்ணத்தாளை ஆதரிப்பவர்கள் பொதுவாக மூன்று காரணங்களைச் சொல்கிறார்கள்.

முதலாவது, குழந்தை உட்கார்ந்து செய்யும். பத்துக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் மூன்றோடு நிறுத்திவிடும் குழந்தை, கிளியின் வாலைப் பார்க்கும் ஆசையில் பத்தையும் முடிக்கிறது. பயிற்சி கூடினால் தேர்ச்சி கூடும் என்பது நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் கூடுவது எதன் பயிற்சி என்பதும் முக்கியம்.

இரண்டாவது, பதற்றம் குறையும். வண்ணம் தீட்டுவது மனத்தை அமைதிப்படுத்தும் என்பதற்கு 84 கல்லூரி மாணவர்களிடம் கர்ரியும் காசரும் செய்து 2005-ல் வெளியிட்ட சோதனை பெரிதும் மேற்கோள் காட்டப்படுகிறது. மண்டல வடிவங்களுக்கு நிறம் தீட்டியவர்களின் பதற்றம், வெற்றுத்தாளில் விருப்பம்போல் தீட்டியவர்களின் பதற்றத்தைவிட அதிகமாகக் குறைந்தது. எட்டு வயதுக் குழந்தையின் கணக்குப் பயத்துக்கு இதை அப்படியே பொருத்துவது பெரிய தாவல். அங்கே நிறம் தீட்டுவது தனி வேலை. இங்கே கணக்கு முடிந்தால்தான் நிறம். விடை வராத குழந்தைக்கு வெள்ளையாகக் கிடக்கும் கட்டங்களே பதற்றத்தைக் கூட்டவும் கூடும்.

மூன்றாவதுதான் வலுவான காரணம்: உடனடித் திருத்தம். 1953-ல் பி.எஃப். ஸ்கின்னர் தம் மகளின் நான்காம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பார்க்கப் போனார். போட்ட கணக்கு சரியா தவறா என்று தெரியாமலே குழந்தைகள் அடுத்த கணக்குக்குப் போவதைக் கண்டு கற்பிக்கும் இயந்திரம் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். வண்ணத்தாள் மின்சாரம் இல்லாமலே அந்த வேலையைச் செய்கிறது. விடை பட்டியலில் இல்லையென்றால் ஏதோ தவறு என்று குழந்தைக்கே தெரிந்துவிடும். நாற்பது பேரை ஒருவராகச் சமாளிக்கும் ஆசிரியருக்கு இது சிறிய உதவி அல்ல.

ஆனால் அந்தத் திருத்தத்திலேயே ஓட்டையும் இருக்கிறது. கமலாவின் மாங்காய்க் கணக்கையே எடுத்துக்கொள்வோம். குழந்தை கூட்டுகிறது, 30 வருகிறது. பட்டியலில் 30 இல்லை. கழித்துப் பார்க்கிறது, 18 வருகிறது. 18 என்றால் பச்சை, சிறகு பச்சையாகிறது. ஏன் கழிக்க வேண்டும் என்று ஒரு நொடிகூட யோசிக்காமல் கணக்கு ‘சரியாகி’விட்டது. கிளி பச்சை நிறம் என்று முன்பே தெரிந்த குழந்தைக்கு அந்த உழைப்பும் வேண்டாம். விடைப் பட்டியல் கண்முன் இருப்பதால், வாக்கியக் கணக்கின் உயிரான ‘எந்தச் செயல், ஏன்’ என்ற முடிவைக் குழந்தை தாண்டிச் சென்றுவிட முடிகிறது.

இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. பட்டியலில் 30-ஐயும் சேர்த்து அதற்கு ஊதா நிறம் கொடுக்கலாம். வழக்கமான தவறுகள் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு நிறம். வரிசைகளுக்கு இடையே நடந்தபடியே, யார் எந்தச் சொல்லில் தடுக்கி விழுந்தார் என்று ஆசிரியர் தாளைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் குழந்தை தானே தவறை உணரும் வாய்ப்பு அதோடு குறைந்துவிடும். தானே திருத்திக்கொள்வதா, ஆசிரியருக்குத் தவறு தெரிவதா என்ற இந்தப் பேரத்தில் தாள் தயாரிப்பவர் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். பெரும்பாலான தாள்கள் இந்தத் தேர்வை யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை.

அலங்காரம் கவனத்தைத் தின்னும் என்பவர்கள்

மறுபக்கத்தின் அடிப்படை வாதம் எளியது. எதைப் பற்றி யோசிக்கிறோமோ அதுவே நினைவில் தங்கும் என்று அறிவாற்றல் உளவியலாளர் டேனியல் வில்லிங்ஹாம் 2009-ல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். அப்படியானால் நாற்பது நிமிடப் பாடவேளையில் இருபது நிமிடம் கோட்டுக்கு வெளியே போகாமல் பச்சை தீட்டுவதில் போனால், அந்த இருபது நிமிடம் கணக்குப் பயிற்சி ஆகாது.

இந்தப் பக்கத்தில் நிற்கும் சோதனைகளில் புகழ்பெற்றது ஃபிஷர், காட்வின், செல்ட்மன் மூவரும் 2014-ல் வெளியிட்டது. 24 மழலையர், சுவரெங்கும் படம் ஒட்டிய அறையிலும் வெறுஞ்சுவர் அறையிலும் அறிவியல் பாடங்கள் கேட்டார்கள். வெறுஞ்சுவர் அறையில் படித்தவற்றில் 55 விழுக்காடு சரியாக விடை சொன்னார்கள். அலங்கரித்த அறையில் 42. கமின்ஸ்கியும் ஸ்லவுட்ஸ்கியும் 2013-ல் பட்டை வரைபடங்களில் இதையே இன்னும் நெருக்கமாகக் காட்டினார்கள். பட்டைக்குள் பொருள்களின் படம் இருந்தபோது குழந்தைகள் அச்சில் உள்ள அளவைப் படிக்கக் கற்காமல் படங்களை எண்ணிச் சொன்னார்கள். பட்டை ஒரே நிறமாக இருந்தபோது வரைபடத்தைப் படிக்கக் கற்றார்கள்.

இந்தச் சான்றுகளையும் அளவறிந்தே கையாள வேண்டும். 24 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. சுவரில் உள்ள படம் வேறு, குழந்தையே தீட்டும் படம் வேறு. இன்னொரு சிக்கலும் உண்டு. மெக்நீலும் உடனாய்வாளர்களும் 2009-ல், பணம் பற்றிய வாக்கியக் கணக்குகளுக்கு அசல்போலத் தோன்றும் நோட்டும் நாணயமும் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றைக் கையாண்ட குழந்தைகள் அதிகம் தவறினார்கள். ஆனால் அந்தத் தவறுகளில் கருத்துப் பிழைகள் குறைவு, கைத்தவறுகளே கூடுதல். வளமான பொருள் ஒரு பக்கம் கவனத்தைக் குலைத்தது, மறுபக்கம் கதையை வாழ்க்கையோடு கட்டியது. அலங்காரம் எப்போதும் கெடுதல் என்று ஒரே வரியில் தீர்ப்பெழுத இந்த முடிவு இடம் கொடுக்கவில்லை.

பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களிலிருந்து வந்த சான்றையும் இங்கே வைக்க வேண்டும். இளநீரும் பழமும் விற்ற ஐந்து சிறுவர் சிறுமியரைக் கரஹெர், ஷ்லீமன் குழுவினர் சோதித்து 1985-ல் வெளியிட்டார்கள். கடையில் கேட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரி. அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது 37. கதை சேர்த்த வாக்கியக் கணக்காகக் கொடுத்தபோது 74. சூழலுக்கு உண்மையான வலிமை இருக்கிறது. ஆனால் அந்த வலிமை இளநீரின் விலையிலிருந்து வந்தது. மாங்காய்க் கணக்கின் கீழே கிடக்கும் கிளிக்கும் மாங்காய்க்கும் என்ன தொடர்பு?

படம் ஒன்று, உறவு ஒன்று

இந்த விவாதத்தைப் பெரிதும் தெளிவாக்கியது மேரி ஹெகார்ட்டியும் மரியா கோஷெவ்னிகோவும் 1999-ல் வெளியிட்ட ஆய்வு. அயர்லாந்தில் ஆறாம் வகுப்புச் சிறுவர் 33 பேரிடம் கேட்ட கணக்குகளில் ஒன்று இது: நேரான பாதையின் இரு முனையிலும் ஒவ்வொரு மரம், இடையில் ஐந்து மீட்டருக்கு ஒரு மரம், பாதை 15 மீட்டர், மொத்தம் எத்தனை மரம்? ஒருவன் மனத்தில் மரத்தின் இலையும் நடுபவரின் உருவமும் எழலாம். இன்னொருவன் ஒரு கோடும் அதன்மேல் நான்கு புள்ளியும் காணலாம். கோட்டையும் புள்ளியையும் கண்ட வகையினர் கணக்கில் சிறந்தார்கள். உருவப்படம் கண்ட வகையினர் பின்தங்கினார்கள். படமாக நினைப்பது உதவுமா என்ற கேள்வியே போதாது, எப்படிப்பட்ட படம் என்று கேட்க வேண்டும் என்பதை இது காட்டியது. நெதர்லாந்தில் பூனனும் சக ஆய்வாளர்களும் இதைத் தொடர்ந்து, உறவுகளைச் சரியாகக் காட்டும் வரைபடம் விடைக்கு இட்டுச் செல்கிறது, பிழையான வரைபடம் வழி தவறச் செய்கிறது என்று கண்டார்கள்.

சிங்கப்பூரில் கோ டெக் ஹாங் தலைமையில் 1980-களில் பாடநூல்களுக்குள் வந்த பட்டை வரையும் முறை இந்தப் புரிதலின் செயல்வடிவம். ரவிக்கு ஒரு நீண்ட பட்டை, கமலாவுக்கு அதைவிடச் சற்றுக் குட்டையான பட்டை, வித்தியாசம் 6. இரு பட்டையையும் வரைந்துவிட்டால் அதிகம் என்ற சொல் யாரையும் ஏமாற்றாது. அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு 2012-ல் நான்கு முதல் எட்டாம் வகுப்புவரை கற்பிப்போருக்கு வெளியிட்ட வழிகாட்டியும், காட்சி வடிவங்களைக் கற்றுத்தருவதற்கு வலுவான சான்று இருப்பதாக மதிப்பிட்டது.

கிரேயானுக்கு உண்மையான வேலை இங்கேதான் கிடைக்கிறது. ரவியின் பட்டையில் கமலாவின் அளவுக்குச் சமமான பகுதிக்கு நீலம், மிஞ்சிய ஆறுக்குச் சிவப்பு. நிறம் தீட்டும் நேரமே யோசிக்கும் நேரமாகிறது. சிவப்பு எங்கே தொடங்குகிறது என்று முடிவெடுக்காமல் தீட்ட முடியாது. பின்னக் கணக்கில் இது இன்னும் தெளிவு. ‘மூன்றில் ஒரு பங்கு விற்றுவிட்டது’ என்றால், தாளில் உள்ள பன்னிரண்டு கட்டத்தில் எத்தனைக்கு நிறம் தீட்டுவது என்பதே கணக்கு. பைர்னும் க்யூசினேரும் நிறத்துக்குக் கொடுத்த இடம் இதுதான். விடைக்குப் பிறகு பரிசாக வரும் நிறத்துக்கும், விடைக்கு முன்பே உறவைச் சுமக்கும் நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தாள் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் முதலில் பார்க்க வேண்டும் என்று இந்தச் சான்றுகளிலிருந்து துணிந்தே சொல்லலாம்.

நிறம் தவறான இடத்தில் வேலை செய்யும் அபாயமும் உண்டு. எண்களுக்கு மஞ்சள் பூசு, குறிச்சொல்லுக்குப் பச்சை பூசு என்று பழக்கும் வகுப்புகள் இருக்கின்றன. கேப்டனின் வயதைக் கணக்கிட்ட குழந்தைகள் செய்ததும் எண்களைப் பொறுக்கியதைத்தான். வாக்கியத்திலிருந்து எண்ணைப் பிய்த்தெடுக்கக் கையைப் பழக்கினால் அந்தப் பழக்கம் இன்னும் இறுகும்.

ஓரத்தில் நிற்கும் குழந்தைகள்

ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் பன்னிரண்டில் ஒருவருக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உண்டு. மற்ற மக்களிடம் விகிதம் மாறும், பெண்களிடம் மிகக் குறைவு. பச்சையும் பழுப்பும் ஒன்றாகத் தெரியும் சிறுவன் எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டும் தவறான கிளியோடு நிற்கலாம். கிரேயானில் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டினாலே பாதிச் சிக்கல் தீரும். படிக்கத் தடுமாறும் குழந்தைக்கோ கணக்கைப் படிக்கவே அரைவேளை போய்விடுகிறது. பக்கத்துத் தாளில் நிறம் நிறைவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் அந்தக் குழந்தையிடம் கணக்கை வாய்விட்டுப் படித்துக் காட்ட ஒருவர் இருப்பது, எந்தத் தாளையும்விடப் பெரிய உதவியாக இருக்கும்.

இன்னும் முடியாதவை

மேலே கண்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை வண்ணத்தாளை நேரடியாகச் சோதித்தவை அல்ல. வரைபடம், அலங்காரம், சொல்லமைப்பு, பதற்றம் என்று தனித்தனியே கிடைத்த முடிவுகளை ஒரே தாளின்மேல் சேர்த்து வைத்துத்தான் இந்த மதிப்பீட்டுக்கு வரமுடிகிறது. அதனால் உறுதியும் இடத்துக்கு இடம் மாறுகிறது. உறவைக் காட்டும் வரைபடம் உதவும் என்பது ஓரளவு உறுதி. குறிச்சொல் முறை ஏமாற்றும் என்பதும் அப்படியே. விடைக்குப் பரிசாக வரும் கிளி குழந்தையைக் கணக்கின் அருகே அமர வைக்கிறது என்பது நம்பத்தக்கது. அங்கே அமர்ந்தபின் புரிதல் வளர்கிறது என்பது இன்னும் காட்டப்பட வேண்டியது.

திறந்து கிடக்கும் கேள்விகளில் ஒன்று காலம் சார்ந்தது. கணக்கை வெறுத்து விலகும் குழந்தை ஆறு மாதம் வண்ணத்தாளோடு பழகியபின், தாள் இல்லாமலும் கணக்குப் போட உட்காருமா, அல்லது கிளி இல்லையென்றால் கணக்கும் வேண்டாம் என்று சொல்லப் பழகிவிடுமா? ஒருநாள் சோதனைகளால் இதற்கு விடை தர முடியாது. மற்றொன்று வயது சார்ந்தது. முதல் வகுப்பில் ஐந்து பறவைக்கு நிறம் தீட்டுவது எண்ணும் வேலையாகவே இருக்கலாம். ஐந்தாம் வகுப்பில் அதே வேலை நேரத்தை விழுங்கலாம். எந்த வகுப்பில் கோடு போடுவது?

தமிழ்நாட்டில் 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளில் செயல்பாடுகளையும் பயிற்சி நூல்களையும் மையமாக்கியது. இத்தகைய நூல்களில் வாக்கியக் கணக்கும் கோட்டுப்படமும் ஒரே பக்கத்தில் வரும்போதெல்லாம் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. இரண்டு தாள்கள், ஒரே பத்துக் கணக்குகள். ஒன்றில் விடைக்கேற்ப நிறம் பெறும் கிளி, மற்றொன்றில் நிறம் தீட்ட வேண்டிய பட்டைகள். ஒரு வாரம் கழித்து, படமே இல்லாத தாளில் கமலாவின் மாங்காயைக் கேட்டால் எந்தத் தாளில் பழகிய வகுப்பில் 18 என்று எழுதுபவர் அதிகம் இருப்பார்கள், அவர்களில் எத்தனை பேர் ஏன் கழித்தோம் என்று தங்கள் சொந்தச் சொற்களில் சொல்வார்கள் என்று பார்க்கலாம்.